துரை ஜன்னலின் பித்தளைக் கீல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா, உங்கள் முன் வணங்கி இதை எழுதத் தொடங்குகிறேன்.

நம் வயதுக்காரர்கள் எழுதி அனுப்பும் பழைய நினைவுகளை நீங்கள் சேர்த்துவைப்பதாகக் கேள்விப்பட்டு, அவற்றுள் சிலவற்றை வாங்கிப் படித்தேன். எல்லோருடைய பிள்ளைப் பருவத்திலும் மல்லிகை மணக்கிறது, பால் பொங்குகிறது, பெரியவர்கள் அனைவரும் தெய்வங்களாக இருக்கிறார்கள். அவர்கள் கொடுத்துவைத்தவர்கள். என் பிள்ளைப் பருவத்தை நினைத்தால் எனக்கு முதலில் மூக்கைப் பொத்திக்கொள்ளத் தோன்றுகிறது. ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டு, பிறகு கைக்குக் கிடைத்ததைப் படித்துத் தேறியவள் நான். நடையில் குறை இருக்கலாம். செய்தியில் இல்லை.

ஓசூரிலிருந்து பெங்களூர் செல்லும் சாலையில், ஜூஜுவாடிக்குச் சற்று இப்புறம் எங்கள் வீடு இருந்தது. இப்போது அந்த இடத்தில் ஏதோ ஒரு தொழிற்சாலையின் மதில் நீண்டு கிடக்கிறது. அப்போது அது சேலம் ஜில்லா. கொஞ்ச தூரம் நடந்தால் மைசூர் ராஜ்யம். வீட்டில் பெரியப்பாவின் சொல்லே சொல். என் அப்பா அவருக்கு இளையவர். அண்ணன் எதிரே உட்காராதவர். இருவருக்கும் ஒரே தங்கை, என் அத்தை. மணமான சில வருடங்களிலேயே கணவனை இழந்து, பிள்ளையும் இல்லாமல், பிறந்த வீட்டுக்குத் திரும்பியிருந்தாள்.

வெள்ளைக்காரர்கள் போன பிறகு மத்திகிரிப் பக்கம் ஒரு துரையின் பங்களாவைச் சிறிது சிறிதாகப் பிரித்து விற்றார்கள். மற்றவர்கள் உத்தரமும் ஓடும் வாங்கினார்கள். பெரியப்பா ஒரு ஜன்னல் வாங்கினார். தேக்குச் சட்டம், இரண்டு கதவு, கதவுக்கு மூன்று கண்ணாடி. அவற்றைத் தாங்கும் கீல்கள் கனத்த பித்தளை. மண் சுவரை இடித்து, சாலையைப் பார்த்த முன்னறையில் அதைப் பதித்தார்கள். சாணம் மெழுகிய எங்கள் வீட்டில் அந்த ஜன்னல், கோவணம் கட்டியவன் தலையில் தொப்பி வைத்தது போல இருந்தது. பெரியப்பாவுக்கு மட்டும் அது தெரியவில்லை. சாலையில் போகிற பாரவண்டிக்காரன் ஒரு கணம் திரும்பிப் பார்த்தால் போதும், அன்று முழுவதும் அவர் முகம் தெளிவாக இருக்கும். அந்தக் கண்ணாடியை அவர் தம் கையால் துடைப்பார். வீட்டில் வேறு எதையும் அவர் துடைத்து நான் கண்டதில்லை.

நான் சொல்லவந்த பருவத்தில் பின்கட்டுக் கூரை ஒழுகத் தொடங்கியதால், பட்டுப்புழு வளர்க்க அந்த முன்னறையை விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. எங்கள் பக்கத்தில் அப்போதே பல வீடுகளில் புழு வளர்த்தார்கள். அந்த முறை அத்தை தனியாக வளர்த்தாள். அதற்கு ஓர் ஒப்பந்தம் இருந்தது. புழு நல்லபடியாகக் கூடு கட்டினால், அதற்குத் தழை தரும் கிணற்றடி முசுக்கொட்டை நிலத்தையும் பக்கத்திலிருந்த கொட்டகையையும் அத்தைக்கு விட்டுவிடுவதாகப் பெரியப்பா சொல்லியிருந்தார். தனி அடுப்பு, தனி வாசல். கெட்டுப்போனால் சிங்காரப்பேட்டையில் கணவனின் அண்ணன் வீட்டுக்கு அவள் போய்விட வேண்டும். கணவன் இறந்தபின் அந்த வீட்டில் அவள் ஒரு வருடம் இருந்து பார்த்திருக்கிறாள். அந்த வருடத்தைப் பற்றி ஒரே ஒரு முறைதான் என்னிடம் பேசினாள்.

“அந்த வூட்ல எனக்குப் பேரே கெடையாது பாப்பா. ‘ஏய்’னு ஒரு சத்தம் வரும். மாட்டுக்கா எனக்கான்னு பாத்துட்டு எழுந்திரிக்கணும்.”

புழு அறைக்குள் போவதற்குச் சட்டதிட்டம் உண்டு. குளித்து, தோய்த்து உலர்த்திய துணி உடுத்த வேண்டும். சாவு வீட்டுக்குப் போனவர்கள் அன்று நுழையக் கூடாது. வெளியாள் கண் படக் கூடாது. தாளிக்கும் வாசனை அறைப்பக்கம் வரக் கூடாது. மாதவிலக்கானவள் அந்த வாசற்படியைப் பார்த்துக்கூட நிற்கக் கூடாது. அந்த நாட்களில் அத்தை களத்து மேட்டில் இருக்க, வயதுக்கு வராத பெண் என்பதால் நான்தான் தழை போட்டேன். ஆகவே அந்த அறையில் நடந்ததற்கு அத்தைக்கு அடுத்தபடியாக நானே சாட்சி.

புழு தோல் உரிப்பதை எங்கள் ஊரில் காய்ச்சல் என்போம். முதல் காய்ச்சலில் எறும்பு போலிருக்கும் புழு, நான்காம் காய்ச்சல் தெளிந்ததும் சுண்டு விரல் பருமனுக்கு வந்து இரவு பகலாகத் தின்னும். மூங்கில் தட்டுகளை அடுக்கடுக்காக வைத்த அந்த அறையில் நின்றால், அடுப்பில் எண்ணெய் காய்ந்து அடங்குவது போன்ற ஓசை விடாமல் கேட்கும். அந்த நாட்களில் தழை எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு காற்றும் வேண்டும். அதற்காக அத்தை காலையில் ஜன்னலைத் திறந்து, பொழுது சாய்ந்து குளிர்காற்று ஏறியதும் மூடுவாள்.

மூன்றாம் காய்ச்சல் தெளிந்த சமயம் ஆடிக் காற்று ஒரு மத்தியானம் சாலைப் புழுதியை எல்லாம் வாரிக்கொண்டு வந்து ஜன்னலின் ஒரு கதவை அறைந்தது. மேல் கீல் முறிந்தது. அந்தக் கனத்த கதவு கீழ்க் கீலில் மட்டும் தொங்கி, குடித்தவன் தலை போலச் சாய்ந்தது. அதைத் திறக்கவும் முடியவில்லை, மூடவும் முடியவில்லை.

அத்தை பதறவில்லை. கதவைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, அந்தப் பாதிக்குச் சாக்கை நனைத்துக் கட்டினாள். காற்று வந்தது, காகமும் பல்லியும் வரவில்லை. புழு தின்றுகொண்டே இருந்தது. கதை இங்கேயே முடிந்திருக்கலாம். சாயங்காலம் சந்தையிலிருந்து வந்த பெரியப்பா சாலையில் நின்று தம் ஜன்னலைப் பார்த்தார். செருப்பைக் கழற்றாமல் நடந்துவந்து, வெளியிலிருந்தே சாக்கைப் பிடித்து இழுத்துக் கிழித்தார். துரை ஜன்னலில் சாக்குத் தொங்கினால் ஊரான் காறித் துப்புவான் என்று சொல்லி, அவரே துப்பினார். அத்தையின் மருதாணிச் செடியின் மேல் அந்த எச்சில் வழிந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

கீல் தேடும் வேலை அப்பாவிடம் வந்தது. ஓசூரில் கிடைத்த இரும்புக் கீலை அவர் வாங்கிவர, ஆசாரி பொருத்தினார். மறுநாளே அது கதவின் கனத்தால் வளைந்து, ஒரு கண்ணாடி விரிசல் விட்டது. பெங்களூர் சிக்பேட்டைவரை போய் அப்பா வேறொன்று கொண்டுவந்தார். பித்தளைதான், ஆனால் அளவு நீளம். பழைய கீல் உட்கார மரத்தில் வெட்டியிருந்த குழியில் அது அடங்கவில்லை. குழியை உளியால் கொஞ்சம் நீட்டினால் உட்கார்ந்துவிடும் என்றார் ஆசாரி. துரை வீட்டு மரத்தில் உளி பட்டால் ஆசாரியின் கையில் உளி இருக்காது என்றார் பெரியப்பா. ஆசாரி உளியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

இதற்குள் நான்காம் காய்ச்சலுக்குப் புழு படுத்துவிட்டது. அது எழுந்திருப்பதற்குள் ஜன்னல் சரியாக வேண்டும். வேறு வழி தோன்றாமல் அப்பா அந்தப் பங்களாவுக்கே போனார். அங்கே சுவரும் குப்பையுமே மிச்சம். ஜன்னல்கள் எல்லாம் எப்போதோ விற்றுப் போயிருந்தன. பின்பக்கம் தனியாக இருந்த கக்கூஸின் கதவு மட்டும் கேட்பாரற்று நின்றது. அதில் அதே கீல். அதே அளவு, அதே வார்ப்பு, அதே துளைகள். கழற்றி, துணியில் சுற்றிக்கொண்டு, சைக்கிளை மிதித்து நண்பகலில் வந்து சேர்ந்தார். அப்பா அவ்வளவு மகிழ்ச்சியாக இருந்து நான் பார்த்ததில்லை. ஆசாரி கையில் வாங்கி ஜன்னல் மரத்தில் வைத்துப் பார்த்தார். சாவி பூட்டில் இறங்குவது போல இறங்கியது.

பெரியப்பாவும் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எங்க கெடச்சுது?” என்றார்.

“அந்தப் பங்களாவுலதாண்ணா. ஜன்னலு ஒண்ணும் இல்ல. கக்கூசுக் கதவுல இருந்துச்சு, கழட்டிக்கினு வந்தேன்.”

என் அப்பா பொய் பேசாதவர் என்று ஊரில் பெயர். அந்தப் பெயரை நினைத்தால் இன்றும் எனக்கு நாக்கில் துரு பட்டது போலிருக்கிறது. கடையில் வாங்கினேன் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் ஒரு பெண்ணின் வாழ்வு நிலைத்திருக்கும்.

பெரியப்பா கீலைக் கீழே போட்டார். கையைத் தோள்துண்டில் துடைத்தார். பிறகு துண்டையும் கீழே போட்டார்.

“கக்கூசுக் கீலக் கொண்டாந்து புழு ரூமுல மாட்டுவியா? பட்டு சாமி மேல ஏறுறதுடா. உனக்குப் புத்தி பின்னால இருக்குதா?”

ஆசாரிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “துரை கக்கூசு நம்ம சமையக்கட்டவிட சுத்தமா இருந்திருக்கும் கவுண்டரே,” என்றார். அன்றோடு அவர் எங்கள் வீட்டு வாசலை மிதிப்பது நின்றது.

அத்தை அறைக்குள்ளிருந்தே பேசினாள். அண்ணன் எதிரே அவள் குரல் எழுந்து நான் கேட்டது அதுவே முதல் முறை.

“அண்ணா, புளியும் சாம்பலும் போட்டுத் தேச்சித் தரேன். நெருப்புல காட்டி எடுக்கறேன். நெருப்புக்கு மேல சுத்தம் என்னா இருக்குது?”

“நெருப்புல காட்டுனா கக்கூசு கோயிலாயிடுமா? உள்ள போ.”

“எனக்குக் காத்து வேணும்ணா. புழு எழுந்துக்கினா காத்து இல்லாம நிக்காது.”

“காத்து எனக்குத் தெரியும்.”

அவருக்குத் தெரிந்த காற்று, பலகை. பழைய வண்டியின் பக்கப் பலகைகளைக் கொண்டு அந்தப் பாதியை ஆணி அடித்து அடைக்கச் செய்தார். மறுபாதிக் கதவும் காற்றில் போய்விடுமோ என்ற பயத்தில் அதையும் கயிறு போட்டு உள்ளே இழுத்துக் கட்டினார். வெளியிலிருந்து பார்க்கப் பலகை அசிங்கமாக இருக்கக் கூடாதென்று, கழற்றி வைத்திருந்த கண்ணாடிக் கதவை அதன்மேல் சாய்த்துக் கம்பியால் பிணைத்தார்கள். சாலையில் போகிறவனுக்கு ஜன்னல் முழுசாகத் தெரிந்தது. உள்ளே இருட்டு. கீலை அப்பா வைக்கோற்போர் அடியில் எறிந்தார்.

அதன் பிறகு நடந்ததைப் படிக்கும் வேளை சாப்பாட்டு நேரமாக இருந்தால், ஐயா, தள்ளிவைத்துவிட்டுப் பிறகு படியுங்கள்.

புழு எழுந்தது. தழை தின்றது. அன்றே வானம் மூடி, காற்று எங்கோ போய் ஒளிந்துகொண்டு, புழுக்கம் பிடித்தது. அறையில் தழையின் ஈரமும் எச்சத்தின் சூடும் சேர்ந்து சுவரில் நீர் கோத்தது. வாசற்கதவைத் திறந்து வைக்கலாமென்றால், அது கூடத்துக்குத் திறப்பது, கூடத்தில் பெரியப்பாவைப் பார்க்க வெளியாட்கள் வந்து போவார்கள், கண் படும். அத்தை முறத்தால் விசிறினாள். நானும் விசிறினேன். தின்னும் ஓசை மெல்ல மெல்லக் குறைந்தது. பிறகு சில புழுக்கள் தலையைத் தூக்கியபடியே நின்றுவிட்டன. சில உடல் வீங்கிப் பளபளத்துத் தட்டின் விளிம்புகளில் ஊர்ந்தன. தொட்டால் தோல் கிழிந்து பால் போன்ற நீர் விரலில் ஒழுகியது. மற்றவை வாடி, கறுத்து, குழைந்தன. எடுக்கப் போனால் புழு வராது. தோல் மட்டும் வரும். ஒரு தட்டில் தொடங்கி எல்லாத் தட்டுக்கும் பரவியது. அழுகிய மீனும் புளித்த கஞ்சியும் சேர்ந்தது போன்ற நாற்றம் கூடத்துக்கும் அடுப்படிக்கும், என் தலைமுடிக்குள்ளும் வந்து உட்கார்ந்தது. கோழிக்கு முன்னால் ஒரு கை அள்ளிப் போட்டேன். கோழி கொத்திப் பார்த்து அலகைத் தரையில் தேய்த்துக்கொண்டு போய்விட்டது.

ஒரு சந்திரிகையில்கூடக் கூடு கட்டவில்லை. புழு கூடு கட்டுவதற்கென்று மூங்கிலில் சுருள் சுருளாகப் பின்னிய அந்தத் தட்டிகளை அத்தை முன்னமே கழுவி வெயிலில் காயவைத்திருந்தாள். அவை காய்ந்தபடியே இருந்தன.

புழு கெட்டால் எங்கள் பக்கத்தில் காரணம் கேட்பதில்லை; ஆள் கேட்பார்கள். எல்லோரையும் கூடத்தில் நிறுத்திப் பெரியப்பா கேட்டார்.

“தீட்டோட உள்ள போனது யாரு?”

அவர் அத்தையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். பலகை அடிச்சதாலதான் என்று நான் சொல்லத் தொடங்கினேன். அம்மா என் வாயைத் தன் முந்தானையோடு சேர்த்துப் பொத்தினாள். அப்பா தரையைப் பார்த்தபடி நின்றார். கக்கூஸ் என்ற உண்மையை ஒளிக்காமல் சொன்ன அந்த வாய், காற்று அடைபட்டது என்ற உண்மையைச் சொல்லவில்லை.

“நான் போவல,” என்றாள் அத்தை. “அந்த மூணு நாளும் களத்துலதான் இருந்தேன். பாப்பாதான் தழ போட்டுச்சு.”

“அப்பறம் புழு தானா அழுகுமா? புருசன முழுங்கினவ கை. அது பட்டா எது நிக்கும்?”

இந்த வாக்கியத்தை எழுதும்போது என் கை கூசுகிறது. எழுதாமல் விட்டால் அவர் தப்பித்துவிடுவார்.

கெட்ட புழுவை ஊருக்கு வெளியே கொண்டுபோய் ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைப்பதே வழக்கம். எங்கள் வீட்டுப் புழு செத்ததை ஊர் அறியக் கூடாதென்பதால், சுவருக்கு வெளியே அந்த ஜன்னலுக்கு நேர் கீழேயே, மருதாணிச் செடியைப் பிடுங்கிவிட்டு இரவோடிரவாகக் குழி தோண்டச் சொன்னார் பெரியப்பா. பாறை தட்டியதும் முழங்கால் ஆழத்தோடு நிறுத்தச் சொன்னவரும் அவரே. கூடைகூடையாக அத்தைதான் சுமந்து கொட்டினாள். கூடையின் இடுக்குகளில் கசிந்து அவள் கழுத்துவழியே இறங்கியது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

ஆடி கழிந்த சில நாட்களில், பெரியப்பாவின் மகனுக்குப் பெண் கொடுப்பதாக இருந்த, எல்லைக்கு அந்தப் பக்கத்து அத்திப்பள்ளிக்காரர் வீடு பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. மைசூர் சர்க்காரில் உத்தியோகம் பார்த்தவர். ஜன்னல் நினைவு வந்தது பெரியப்பாவுக்கு. அப்பாவைக் கூப்பிட்டு, வைக்கோற்போர் அடியில் கிடந்த கீலை எடுத்துவரச் சொன்னார். வெளியூர் ஆசாரி ஒருவரைப் பிடித்து, அதை மாட்டச் செய்தார். ஒரு நாழிகைகூட ஆகவில்லை. துரை ஜன்னல் பழையபடி வழுக்கிக்கொண்டு திறந்தது, மூடியது.

அப்பா தம் வாழ்நாளில் அண்ணனைக் கேட்ட ஒரே கேள்வியை அன்று கேட்டார். “கக்கூசுக் கீலுன்னு சொன்னியேண்ணா.”

பெரியப்பா கண்ணாடியைத் துடைத்தபடி, கொஞ்சமும் கூசாமல் பதில் சொன்னார்.

“புழுவுதான் போயிடுச்சே. இனிமே அந்த ரூமுக்கு என்னா தீட்டு?”

ஐயா, அம்மா, நான் நீண்ட காலம் வாழ்ந்துவிட்டேன். அழுகிய பிணம் பார்த்திருக்கிறேன். நோயாளிகளின் படுக்கையை மாற்றியிருக்கிறேன். அந்தப் பதிலைவிட அருவருப்பான ஒன்றை இன்றுவரை நான் சந்திக்கவில்லை.

விருந்தாளி வந்தார். கைம்பெண் எதிர்ப்படக் கூடாதென்று அத்தையை மாட்டுக் கொட்டகையில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். பெரியப்பா விருந்தாளியைக் கூடத்தில் உட்காரவைக்காமல் நேரே முன்னறைக்கு அழைத்துப்போய், துரை பங்களா, தேக்கு, பித்தளை என்று கதை சொல்லி, இரண்டு கதவையும் விரியத் திறந்தார். ஆடி போயும் அடங்காத காற்று அன்று மீண்டும் கிளம்பியிருந்தது. விடியற்காலையில் நாய்கள் அந்தக் குழியைப் பறித்திருந்ததை வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. காற்று ஜன்னலுக்குக் கீழிருந்து ஏறி, அவர் முகத்துக்கு நேராக வந்தது.

“ஏன்ரீ இது வாசனெ?” என்று கன்னடத்தில், இது என்ன நாற்றம் எனக் கேட்டு, மைசூர்க்காரர் அங்கவஸ்திரத்தை மூக்கில் வைத்தார். வைத்ததை வண்டி ஏறும்வரை எடுக்கவில்லை. காப்பியை அவர் தொடவில்லை. சம்பந்தம் வேறிடத்தில் முடிந்தது.

இதில் சிரிக்க இடமிருப்பதை அறிவேன். அன்று நானும் அம்மாவின் முந்தானைக்குள் சிரித்திருப்பேன், அந்த நாற்றத்துக்கும் அத்தையே காரணம் என்று அடுத்த கணத்தில் முடிவாகாமல் இருந்திருந்தால். ஒழுங்காகப் புதைக்கத் துப்பில்லாதவள் என்றார் பெரியப்பா. நாளைக்கே சிங்காரப்பேட்டைக்குப் பஸ் ஏறட்டும் என்றார்.

மறுநாள் அப்பா அத்தையின் துணிமூட்டையோடு சாலையில் நின்றார். நானும் உடன் போயிருந்தேன். கிருஷ்ணகிரி போகும் பஸ் தூரத்தில் தெரிந்ததும் அப்பாவுக்கு வாய் திறந்தது. அண்ணனின் கோபம் ஆறட்டும், தை மாதம் வரைக்கும் எங்காவது ஒதுங்கி இருந்துவிட்டு வரலாம், தான் பேசிப் பார்ப்பதாகச் சொன்னார்.

அத்தை அவர் கையிலிருந்து மூட்டையை வாங்கிக்கொண்டாள்.

“பேச வேண்டிய அன்னிக்கே நீ பேசலியேண்ணா. இங்க இருந்தா நாளைக்கு இன்னொரு கதவு ஒடியும். அதுக்கும் என் கையத்தான் மோந்து பாப்பாங்க. அங்க போறேன். அங்க என்னை மாடுன்னு தெரிஞ்சே கூப்புடறாங்க.”

பஸ் நின்றது. ஏறும்போது அவள் திரும்பவில்லை. என் தலையைத் தொட வந்த கையையும் பாதியில் மடக்கிக்கொண்டாள். தன் கை பட்டால் எதுவும் நிற்காது என்ற சொல்லை அவளே நம்பத் தொடங்கியிருந்தாள் என்பது எனக்கு வெகு காலத்துக்குப் பிறகே விளங்கியது.

சிங்காரப்பேட்டையில் பல வருடங்கள் இருந்து, அந்த வீட்டிலேயே இறந்தாள். சாவுக்கு அப்பா போய்வந்தார், தலை முழுகினார். பெரியப்பா போகவில்லை.

சமீபத்தில் எங்கள் குடும்பத்துக் கல்யாணம் ஒன்றில், சம்பளத்துக்குத் தொழிற்சாலை போகும் பேரன் பேத்திகள் பழங்கதை பேசிக்கொண்டிருந்தார்கள். நம் வீட்டில் ஒரு பாட்டி இருந்தாளாம், அவள் தீட்டோடு போய் ஓர் அறைப் புழு முழுவதையும் கொன்றாளாம் என்று ஒரு பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவள் படித்த பெண். பெரியப்பாவைப் பற்றிய பேச்சு வந்தபோது, அந்தக் காலத்திலேயே கண்ணாடி ஜன்னல் வைத்தவர் என்று பெருமையாகச் சொன்னார்கள். நான் இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

என் அத்தை தீட்டோடு போகவில்லை. புழுவைக் கொன்றது அடைபட்ட காற்று. அடைத்தவர் என் பெரியப்பா. தெரிந்தும் பேசாதவர் என் அப்பா. இதைக் கண்ணால் கண்டவர்களில் நான் ஒருத்தியே மிச்சம். இந்தத் தாள்களைத் தயவுசெய்து பத்திரமாக வைத்திருங்கள்.